ஊமை வண்டி

"நீ கொண்டு வரலைன்னா அது என்ன கால் முளைச்சு நடந்தா வந்துச்சு?"

"கால் எதுக்கு, அதான் சக்கரம் இருக்கே. தையல் மிஷினை ஏத்திக்கிட்டு ஓடுறதுக்கு நீங்களே கொண்டு வந்து வச்சிட்டு, பழியை என் தலையில கட்டப் பாக்காதீங்க அண்ணி."

"என் புருஷனைக் கொன்ன வண்டி. அதை நான் தொடுவேனா?"

"எங்க அண்ணனைக் கொன்ன வண்டி. அதை நான் மட்டும் கொஞ்சிக் கூட்டிட்டு வருவேனா?"

விடிந்து வெகு நேரம் ஆகியும் மூடுபனி விலகாத காலை அது. குன்றின் உச்சியில் குடும்பமே குடியிருந்து நடத்தும் தங்கும் விடுதியின் வாசலில் அண்ணியும் நாத்தனாரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணி துணி தைப்பவள், நாத்தனார் விடுதியில் சமைப்பவள். எதிர்வரிசையில் ஒவ்வொரு சன்னலாகத் திறந்தது. பனியில் ஆள் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கண்ணுக்குக் கிடைக்காத பங்கையும் சேர்த்துக் காது தின்றுகொள்ளும்.

இரண்டு பேருக்கும் நடுவே, கூப்பிட்டால் வருகிறேன் என்பது போல அமைதியாக நின்றது கைவண்டி. தையல்காரியின் கணவனுடைய வண்டி. அவனை அடக்கம் செய்த அன்றே கீழே படகுத்துறையில், சுவரோரமாகக் கவிழ்த்துப் போட்டது. பிறகு யாரும் அதைத் தொடவில்லை என்று ஊரே சத்தியம் செய்யும். ஆனால் முதல் பனி இறங்கிய காலையில் அது சந்தின் வளைவில் நிமிர்ந்து நின்றது. பொழுது போகாத எவனோ செய்த வேலை என்று ஊர் சொன்னது. அடுத்த பனியில் இன்னும் மேலே, தண்ணீர்க் குழாயடியில் நின்றது. அதையும் அதே எவனோ மேல் போட்டார்கள். இன்றைக்கு வாசலுக்கே வந்துவிட்டது.

தையல்காரி வண்டியைப் பார்க்கவில்லை. அதன் சக்கரத்துக்குக் கொடுத்திருந்த முட்டுக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது சக்கரத்துக்கு, உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து. அப்படி வைக்கிற கை ஊரில் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கையை அவளே கழுவித் துடைத்து மண்ணுக்குள் அனுப்பியிருந்தாள்.

இந்தத் தீவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே கார் கிடையாது, பைக் கிடையாது. காலையில் ஒரு படகு, சாயங்காலம் ஒரு படகு, அவ்வளவுதான் போக்குவரத்து. படகிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் பார்ப்பது துறையில் நட்டிருக்கும் பலகையை: 'இங்கே வாகனங்கள் இல்லை. விபத்துகளும் இல்லை.' அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். அமைதி, அமைதி என்று உருகுவார்கள். மூன்றாம் நாள் அதே அமைதி தாங்காமல் படகு எப்போது என்று கேட்பார்கள்.

துணிப்பெட்டி முதல் காஸ் சிலிண்டர் வரை எல்லாம் கைவண்டியில்தான் ஏறும், கைவண்டியில்தான் இறங்கும். துறையிலிருந்து உச்சிக்கு ஒரே சந்து. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் ஒரு வளைவு, முழங்காலைப் பதம் பார்க்கிற சரிவு. அதனால் தீவுக்கென்று ஒரு சட்டம் உண்டு. வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போடக்கூடாது. அச்சு வறண்டு கிறீச்சிட வேண்டும், அதுதான் இங்கே ஹாரன். அந்தச் சத்தம் கேட்டதும் நடக்கிறவன் பேச்சைக்கூட நிறுத்தாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி, வயிற்றை எக்கி, கால்விரலை மடக்கி, பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வான். வண்டி கடந்ததும் விட்ட நடையைத் தொடருவான். நடை பழகும் குழந்தை இங்கே முதலில் பழகுவது அதைத்தான். 'ஊமை வண்டி ஊரைக் கொல்லும்' என்பது தீவின் பழமொழி.

இருந்த வண்டிகளிலேயே கொடூரமாகக் கத்துவது தையல்காரியின் கணவனுடையது. அதனால் அவனுக்கே ஹாரன் என்று பெயர் வந்துவிட்டது. சொந்தப் பெயரைக் கல்லறைக் கல்லில் வெட்டியபோதுதான் ஊரில் பாதிப் பேர் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஹாரன் வாகன விபத்தில் செத்தான். கார் இல்லாத தீவில் வண்டி மோதிச் செத்த ஒரே மனிதன் அவன். ஒரு பனிக் காலையில் காலிச் சிலிண்டர்களை ஏற்றி வாசலில் நிறுத்தியிருந்த அவனுடைய வண்டி தானே உருண்டு இறங்கி, வளைவில் முதுகு காட்டி நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தவனைச் சுவரோடு வைத்து நசுக்கியது. துறைப் பலகையை என்ன செய்வதென்று ஊர் கூடிப் பேசியது. கைவண்டி வாகனம் ஆகாது என்று ஒருமனதாக முடிவானது, பலகை தப்பித்தது. கட்டை நழுவியிருக்கும், பாவம், என்றார்கள். வண்டி ஏன் கத்தவில்லை என்று அவன் தங்கை ஒருத்திதான் கேட்டாள். பனியில் நனைந்தால் இரும்பு ஊமையாகிவிடும் என்றார் படகு ஓட்டுகிறவர். படகுக்காரர் வாயிலிருந்து வந்தால் தீவில் அது அறிவியல்.

படகுக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊருக்கெல்லாம் வருகிற சாமான் துறையில் வெயில் காயும். தையல்காரிக்கு வருகிற நூல்கண்டையும் பொத்தானையும் மட்டும் அவரே குன்றேறிக் கொண்டு வந்து கொடுப்பார். அவளும் எல்லார் முன்னாலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள், கொஞ்சம் அழுத்தியே கூப்பிடுவாள். அக்கரையில் ஒரு தையல் கடைக்கு மேலே அவளுக்காக அவர் அறை பார்த்து வைத்திருந்ததும் ஊருக்குத் தெரியும். ஊர் மனசுக்குள் நினைத்ததை நாத்தனார் சத்தமாக நினைத்தாள், வித்தியாசம் அவ்வளவுதான்.

"சரி, இதை மட்டும் சொல்லுங்க." நாத்தனார் குரலைத் தணித்தாள். கத்துகிற நாத்தனாரைவிடத் தணிகிற நாத்தனார் ஆபத்து. "நேத்து நான் பொட்டுத் தூக்கம் தூங்கலை. எங்க அண்ணன் வண்டி இந்தச் சந்துல ஏறினா அக்கரைக்குக் கேக்கும். எனக்கு ஏன் கேக்கலை?"



நாத்தனார் குனிந்து அச்சில் விரலை ஓட்டினாள். விரலை மூக்கருகே கொண்டு போனாள். வாழ்நாள் முழுக்க அடுப்படியில் நின்ற மூக்கு, எண்ணெயில் எது எந்த எண்ணெய் என்று அதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மெல்லிய, வாசனையே இல்லாதது போல் நடிக்கிற, துணிமடிப்பில் எப்போதும் ஒளிந்திருக்கிற எண்ணெய். தீவில் தையல் மிஷின் ஒன்றுதான்.

"இது உங்க எண்ணெய் அண்ணி."

பிறகு பேச்சு இல்லை. நாத்தனார் அவள் கூந்தலைக் கொத்தாகச் சுருட்டி, முகத்தை வண்டிப் பலகையில் மோதினாள். மறுபடி மோதினாள். பல் உதட்டுக்குள் இறங்கியது. வாயில் ரத்தமும் ஊறின மரத்தின் புளிப்பும் சேர்ந்து வழிந்தன. கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில், பலகையின் நாரிடுக்கில், எவ்வளவு தேய்த்தும் போகாத பழைய கறை. மூன்றாவது முறை தலை பின்னால் இழுபட்டபோது தையல்காரியின் கை இடுப்புக்குப் போனது. கத்தரிக்கோல் அங்கேதான் நாடாவில் தொங்கும். கோடு பிசகாமல் வெட்டிப் பழகிய கை. நாத்தனாரின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பழைய சட்டையின் தையலைப் பிரிப்பது போல ஒரே இழுப்பில் பிரித்துவிட்டது.

எதிர்வரிசையில் சன்னல்கள் சாத்திக்கொண்டன. சண்டைக்குத் திறக்கும், ரத்தத்துக்கு மூடும்.

நாத்தனார் அலறவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். "துறைக்குப் போறேன். போன்ல சிக்னல் அங்கதான் கிடைக்கும். நாளைக்குக் காலைப் படகுல போலீஸ் வந்துரும். நீங்க என்ன தையல் போட்டாலும் இது ஒட்டாது அண்ணி."

அண்ணி என்பதை மட்டும் கடைசி வரை விடவில்லை. மரியாதை தெரிந்த குடும்பம்.

ஆக, தையல்காரிக்கு மிச்சம் இருந்தது சாயங்காலப் படகு ஒன்றுதான். அதில் ஏறிவிட்டால் அக்கரை, அறை, கதவுக்கு உள்தாழ்ப்பாள். ஏறாவிட்டால் விடிந்ததும் விலங்கு.

கதவைத் தாழிட்டு, அதன் மேல் முதுகை வைத்து உட்கார்ந்தாள். விடுதியில் அன்று விருந்தாளி யாரும் இல்லை. பனி சன்னல் கண்ணாடியில் நாக்கை வைத்து நக்குவது போல ஊர்ந்துகொண்டிருந்தது. மேல்மாடிக் குழாய் ஒன்று வெகுநேரம் யோசித்து ஒரு சொட்டு விட்டது. பூட்டிய அறைகளின் விரிப்புகளிலிருந்து சோப்பும் ஈரமும் கலந்த வாடை வந்தது. அதற்கு அடியில், எங்கேயிருந்தென்று பிடிபடாமல், மிஷின் எண்ணெயின் வாடை. குப்பி இறுக்கி மூடித்தான் இருந்தது. திறந்து பார்த்தாள். அதில் ஒரு சொட்டு இல்லை.

முன்பெல்லாம் அவளுக்குச் சத்தம்தான் பயம். சந்தின் அடியில் வண்டி கிறீச்சிட ஆரம்பித்தால் மிஷினை நிறுத்திவிடுவாள். வளைவில் அது உச்சக் குரல் எடுக்கும்போது கையிலிருக்கும் துணியை மடித்து வைத்துவிடுவாள். வாசலுக்கு வந்ததும் அவன் முட்டுக்கட்டையால் பலகையைத் தட்டுவான். டொக், டொக். வந்து கதவைத் திற என்று அர்த்தம். திறக்க நேரமானால் கட்டை அவனோடு உள்ளே வரும். படகுக்காரர் கோட்டுக்கு ஒரு பொத்தான் தைத்துக் கொடுத்த அன்று அவள் இடது கையை நிலைப்படியில் வைக்கச் சொல்லி, ஆணி அடிக்கிற நிதானத்தோடு அந்தக் கட்டையால் அடித்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை, கொக்கி மாதிரி வளைந்தே நின்றுவிட்டன. அப்போது அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அரைக்க ஒன்றும் இருக்கவில்லை.

எண்ணெய் போடுவது பொறுமையான வேலை. ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றி, மறுசொட்டு விட வேண்டும். மிஷினுக்கு அப்படித்தான், வண்டிக்கும் அப்படித்தான். அந்தக் காலையில் அவள் செய்ததெல்லாம் குனிந்து கட்டையை உருவியது மட்டும். வண்டி ஒரு கணம் நின்று யோசித்தது, பிறகு பனிக்குள் போனது. அவ்வளவு அழகான அமைதியை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. கீழே புதுத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதி மணி மாதிரி ஒலித்தன. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சிகரெட் மட்டும் தரையில் அணையாமல் புகைந்துகொண்டிருந்தது. மேலே அவனுடைய வாய், காற்று வராமல், கத்துவதற்காகத் திறந்திருந்தது. வெகுநேரம் அப்படியே திறந்திருந்தது.

இப்போது அவளுக்கு அமைதிதான் பயம். வருவது கேட்காதே.

மதியம் கழிந்து திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். வண்டி அங்கேயே இருந்தது. காலையில் அதன் இழுகம்புகள் வீட்டைப் பார்த்திருந்தன, ஏறி வந்த வண்டி நிற்கிற மாதிரி. இப்போது சந்தைப் பார்த்து நின்றன, இறங்கப் போகிற வண்டி மாதிரி. முட்டுக்கட்டை மாறாமல் இடது சக்கரத்தில், சாய்வாக.

வாசலுக்கு அப்பால் வேறொரு வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைத் திறந்து ஓடினாள்.

"அண்ணே, மிஷினை மட்டும் துறை வரைக்கும் ஏத்திட்டுப் போயிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வண்டிக்காரர் நிற்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்தார், வாசலில் சிந்தியிருந்த ரத்தத்தைப் பார்த்தார். "உன் வண்டிதான் வாசல்லயே நிக்குதே தங்கச்சி," என்று சொல்லிவிட்டுச் சரிவில் கொஞ்சம் வேகமாகவே இறங்கினார். செய்தி துறையிலிருந்து ஏறி வந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

மிஷினை விட்டுவிட்டு ஓடியிருக்கலாமே என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். கேட்பதற்கென்ன. வெறுங்கையோடு அக்கரையில் இறங்கினால் அந்த அறையும் சோறும் படகுக்காரர் கையைப் பார்த்துத்தான் வர வேண்டும். ஒருத்தன் கையைப் பார்த்தது அவளுக்கு ஒரு பிறவிக்குப் போதும். மிஷின் இருந்தால் அவள் தனி ஆள். அதனால் ஸ்டாண்டை வாசல் வரை இழுத்தாள். மிஷின் தலையைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தாள். இரண்டையும் பலகையில் ஏற்றி, கிழித்த திரைச்சீலையால் கட்டினாள். சக்கரம் அசையவில்லை. நல்ல வண்டி.

கீழே பனிக்குள் படகின் சங்கு ஊதியது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

கட்டையை உருவக் குனிந்தாள். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். கட்டை கதகதப்பாக இருந்தது. யாரோ வெகுநேரம் கையில் வைத்திருந்து, இப்போதுதான் கீழே வைத்த மாதிரி.

சங்கு மறுபடி ஊதியது. உருவினாள். கட்டை, வண்டியோடு கட்டியிருந்த கயிற்றின் முனையில் தொங்கி ஆடியது. கம்புகளுக்கு நடுவே புகுந்து, இரண்டையும் பிடித்து, சந்தில் முதல் அடி வைத்தாள்.

இறக்கத்தில் கைவண்டியை யாரும் இழுப்பதில்லை, முதுகால் தாங்குவதுதான். சாமான் பின்னாலிருந்து தள்ளும், ஆள் குதிகாலை ஊன்றிச் சாய்ந்து தாங்கிக்கொண்டே இறங்க வேண்டும். திரும்பிப் பார்க்க முடியாது. ஹாரன் இதைத்தான் காலமெல்லாம் செய்தான் என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. அந்த நினைப்பைச் சடாரென்று உதறினாள். இருபுறமும் சுவர் வியர்த்திருந்தது. கல்லிடுக்குப் பாசியின் வாடையும், கீழேயிருந்து கடலின் உப்பும், உடைந்த உதட்டின் இரும்பும் மூச்சில் மாறி மாறி வந்தன. தன் செருப்பின் சத்தம் கேட்டது. தன் மூச்சு கேட்டது. தொங்கிய கட்டை பலகையில் இடிப்பது கேட்டது. டொக். டொக். சக்கரம் மட்டும் கேட்கவில்லை. இரண்டு ஆள் கனமுள்ள இரும்பும் மரமும் முதுகுக்குப் பின்னால், பால் ஆடை நகர்கிற மாதிரி நகர்ந்து வந்தது.

கட்டை இடிப்பது ஆட்டத்தால்தான் என்று சொல்லிக்கொண்டாள். கல்லுக்குக் கல் ஏறி இறங்கினால் இடிக்கும். டொக். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். டொக். வந்து திற என்பது போல.

குழாயடி வந்தது. குழாயிலிருந்து நீர் சொட்டியது.

டொக்.

அடுத்த டொக் வரவில்லை.

வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது. கல் ஏறி இறங்கியது. கட்டை இடிக்கவில்லை. ஆடுகிற கட்டை ஆடாமல் நிற்க வேண்டுமென்றால் அதை யாராவது பிடித்திருக்க வேண்டும்.

அவள் திரும்பவில்லை.

புகை வாடை வந்தது. சிகரெட். ஈரக் காற்றில் நனைந்த, மட்டமான, கட்டிலில் படுக்க வரும்போது சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற அதே வாடை. பின்கழுத்தின் மேல் வந்தது. சூடாக.

கனம் கூடியது. யாரோ பின்னாலிருந்து கையை வைத்த மாதிரி. அழுத்தவில்லை. சும்மா வைத்த மாதிரி.

விட்டுவிடலாம். கம்பை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் வண்டி தானே போகும். மிஷின் போனால் போகட்டும். உயிர் இருந்தால் போதும். வலது கையை எடுத்தாள். வந்துவிட்டது. இடது கையை எடுத்தாள்.

வரவில்லை.

வளைந்த இரண்டு விரல்களும் கம்பைச் சுற்றிக் கொக்கியாக மாட்டியிருந்தன. அவற்றின் மேல் ஏதோ மூடியது. சொரசொரப்பாக. காய்ப்புக் காய்த்து. அவளுக்குத் தெரிந்த உள்ளங்கை.

வண்டி வேகம் எடுத்தது.

செருப்பு ஒன்று கழன்றது. மற்றதும். வெறுங்கால் கல்லில் தேய்ந்தது. குதிகால் தோல் உரிந்தது. தாங்க முடியவில்லை. ஓடினாள். ஓடவில்லை, ஓட்டப்பட்டாள். கம்பு விலாவில் இடித்தது. எலும்பு ஒன்று உள்ளே சொடுக்கியது. வளைவு வந்தது. சுவரில் அவன் நசுங்கிய இடம், சுண்ணாம்பு அடித்தும் தெரிகிற இடம், நேராக முகத்துக்கு வந்தது.

வண்டி திரும்பியது. தானே, லாகவமாக, பழகிய கை திருப்புவது போல.

கீழே விளக்கு. படகு. துறை. சந்து நிறைய ஆட்கள். சாயங்காலப் படகில் வந்தவர்கள், போகிறவர்கள், வண்டிக்காரர்கள். நடுவில் நாத்தனார், கட்டுப்போட்ட கையோடு. பக்கத்தில் படகுக்காரர். அவருடைய கோட்டு நாத்தனாரின் தோளில் கிடந்தது. அந்த அவசரத்திலும் தையல்காரி அதைக் கவனித்தாள். அதில் அவள் தைத்த பொத்தான்.

இத்தனை கைகள் இருக்கின்றன. இரண்டு பேர் குறுக்கே விழுந்தால் போதும். ஒருத்தர் ஒரு கட்டையை எறிந்தால் போதும். நிறுத்துங்க என்று ஒரு சத்தம் போட்டால் போதும்.

வாயைத் திறந்தாள். இருந்த உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

கத்தியது சக்கரம்.

அவள் தொண்டையில் காற்று இல்லை. அவளுக்குப் பின்னால், எண்ணெய் சொட்டச் சொட்ட, ஹாரனின் அச்சு ஊரே அறிந்த குரலில் கிறீச்சிட்டது. சந்து முழுக்கக் கிறீச்சிட்டது.

கீழே இருந்தவர்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். வயிற்றை எக்கினார்கள். கால்விரலை மடக்கினார்கள். ஒட்டிக்கொண்டார்கள். வண்டிக்காரர்கள், கடைக்காரர்கள், கர்ப்பிணி ஒருத்தி, படகுக்காரர், எல்லாரும். அண்ணன் வண்டியின் குரல் கேட்ட நாத்தனார் எல்லாருக்கும் முன்னால் திரும்பி, நெற்றியைச் சுவரில் அழுத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

முதுகுகள். இரண்டு பக்கமும் முதுகுகள். அவற்றின் நடுவே அவள் வாயைப் பிளந்துகொண்டு போனாள். ஒரு முதுகும் திரும்பவில்லை.

கல் முடிந்தது. மரப்பாலம். விளக்கு. பலகை. 'விபத்துகளும் இல்லை.'

படகைத் தளர்வாகத்தான் கட்டியிருந்தது. ஆள் நுழைகிற இடைவெளி விட்டு அசைந்துகொண்டிருந்தது. வண்டி அந்த இடைவெளிக்குள் போனது. அலை படகைத் துறையோடு அணைத்தது. விலக்கியது. மறுபடி அணைத்தது.

சத்தம் நின்ற பிறகுதான் ஊர் சுவரிலிருந்து திரும்பி, விட்ட நடையைத் தொடரப் பார்த்தது.

ஒதுங்கத் தெரியாமல் நடுச்சந்தில் நின்ற வெளியூர்க்காரி ஒருத்தியை யாரோ கடைசிக் கணத்தில் பிடித்து இழுத்திருந்தார்கள். அவள் ஒருத்திதான் வண்டியை நேராகப் பார்த்தவள். "பின்னாடி தள்ளிக்கிட்டு வந்தாரே, அந்த ஆளும் விழுந்துட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "சிகரெட் பிடிச்சிக்கிட்டே தள்ளினாரே." மறுநாள் காலைப் படகில் அவளை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதே படகில்தான் போலீஸ் வந்து இறங்கியது, விலங்கு போட ஆள் இல்லாமல் திரும்பியது.

தையல்காரியை எடுத்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. முத்துக் குளிக்கிற மாதிரி மூச்சடக்கி மூழ்கித் தேடியும் கிடைக்கவில்லை.

கோட்டுக் கதை எல்லாரும் எதிர்பார்த்தபடிதான் முடிந்தது. வருஷம் திரும்புவதற்குள் நாத்தனாரும் படகுக்காரரும் கல்யாணம் செய்துகொண்டு அக்கரைக்குக் குடிபோனார்கள். தையல் கடைக்கு மேலே அதே அறை, வாடகைக்குப் பார்த்து வைத்ததை வீணாக்குவானேன். படகை விட்டுவிட்டு அவர் இப்போது டாக்சி ஓட்டுகிறார். ஹாரனே அடிக்கமாட்டார் என்று கேள்வி, எத்தனை பேர் குறுக்கே வந்தாலும் சரி. நாத்தனார் கையில் தழும்பு நேர்க்கோடாக ஆறிவிட்டது, அண்ணி வெட்டு என்றால் வெட்டுத்தான் என்று அவளே சொல்வாளாம். விடுதியை ஓய்வுபெற்ற தம்பதி வாங்கி நடத்துகிறார்கள். அமைதி, அமைதி என்று உருகுகிறார்கள். துறைப் பலகைக்குப் புது வண்ணம் அடித்தாகிவிட்டது.

வண்டியைக் கடலிலிருந்து எடுத்துக் காயவைத்து, அன்றைக்கு நிற்காமல் போன அந்த வண்டிக்காரரே வைத்துக்கொண்டார். நல்ல மரம், கம்பின் இடது பிடியில் மட்டும் இரண்டு புடைப்பு இருக்கிறது, பிடிப்பதற்கு வாகாக இருக்கிறது என்கிறார். எண்ணெய் ஒரு சொட்டுப் போடுவதில்லை. ஆனாலும் அச்சிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கிறது, ஒழுகினாலும் கத்துகிறது. ஹாரன் காலத்துக் கிறீச்சு அது இல்லை. இரும்புக்கு அப்படி ஒரு சத்தம் வராது. சரிவில் இறங்கும்போது கூடும், வளைவில் உச்சிக்குப் போகும், துறைக்கு வந்து முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும்.

என்ன சொல்லிக் கத்துகிறது என்று தீவில் எல்லாருக்கும் தெரியும். கேட்டதும் ஊர் பேச்சைக்கூட நிறுத்தாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி, வயிற்றை எக்கி, கண்ணை மூடி, வழி விடுகிறது.